ஆளுமை டெஸ்ட், தொழில் ஆர்வ டெஸ்ட்: மதிப்பெண்ணை எதுவரை நம்பலாம்?

வழித்துணை:

வணக்கம். 17, 18 வயதுக்காரர்கள் 120 பேருக்கு, மேற்கொண்டு என்ன படிக்கலாம், எந்தத் துறை ஒத்துவரும் என்று உட்கார்ந்து பேச ஒரு ஏற்பாடு நடக்கிறது. ஓர் ஆளுக்கு மொத்தம் 2 மணி நேரம்தான் கிடைக்கும். கையில் இரண்டு டெஸ்ட் இருக்கின்றன. ஒன்று, நான்கு எழுத்தில் ‘நீ இந்த ரகம்’ என்று சொல்லும் 16 வகை ஆளுமை டெஸ்ட். இன்னொன்று, உளவியலாளர் ஹாலண்டின் ஆறு வகைகளை வைத்த தொழில் ஆர்வ டெஸ்ட்: 60 கேள்வி, வகைக்கு 10, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை.

வெள்ளோட்டமாக ஒரு மாணவிக்கு மூன்று வார இடைவெளியில் இரண்டையும் இரண்டு தடவை கொடுத்துப் பார்த்தோம். ஆளுமையில் முதல் தடவை ஐ-என்-எஃப்-ஜே, அடுத்த தடவை ஐ-என்-டி-பி. ஆர்வத்தில் வந்தது இது:

முதல் தடவை: கைவேலை 14, ஆய்வு 31, கலை 29, சமூகம் 28, தொழில்முனைவு 17, அலுவல் ஒழுங்கு 12.
இரண்டாம் தடவை: அதே வரிசையில் 16, 30, 27, 30, 15, 13.

ஆக ‘ஆய்வு-கலை-சமூகம்’ என்றிருந்தது, ‘ஆய்வு-சமூகம்-கலை’ ஆகிவிட்டது. டெஸ்ட்டில் கோளாறா, மூன்று வாரத்தில் அந்தப் பெண்ணே மாறிவிட்டாளா? வாங்குவதற்கு முன்னால் விற்பவரிடம் எந்த எண்களைக் கேட்க வேண்டும்?


அளவைக்காரன்:

அந்தப் பெண் மாறவில்லை. இரண்டிலும் நீங்கள் பார்ப்பது அளவீட்டுப் பிழைதான். ஆர்வ டெஸ்ட் அந்தப் பிழையை ஒன்றிரண்டு மதிப்பெண் ஏற்ற இறக்கமாக வெளிப்படையாகக் காட்டுகிறது. நாலெழுத்து டெஸ்ட் அதை உள்ளே மறைத்து வைத்திருந்து, ஒருநாள் ஆளையே மாற்றிக் காட்டுகிறது.

நாலெழுத்தில் நடப்பது என்னவென்றால், நான்கு அளவுகோல்களையும் நட்டநடுவில் வெட்டி, வெட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் எழுத்து, அந்தப் பக்கம் ஓர் எழுத்து என்று கொடுக்கிறார்கள். மனிதர்கள் இரண்டு கும்பலாகப் பிரிந்து நின்றால் இது சரி. ஆனால் உயரம், எடை மாதிரி இங்கேயும் பெரும்பாலானோர் நடுப்பகுதியில்தான் நிற்கிறார்கள். 49-க்கும் 51-க்கும் இடையே நிஜத்தில் வித்தியாசமே கிடையாது. எழுத்து மட்டும் மாறிவிடும். ஓர் எழுத்து மறுமுறையும் அப்படியே வர 100-க்கு 85 வாய்ப்பு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நான்கும் சேர்ந்து அப்படியே வர 0.85-ஐ நான்கு தடவை பெருக்குங்கள்: 0.52. பாதிப் பேருக்கு ஏதாவது ஓர் எழுத்தாவது மாறும். நாலெழுத்து டெஸ்ட்களில் பிரபலமான எம்.பி.டி.ஐ. பற்றி 1993-இல் பிட்டெங்கர் எழுதிய விமர்சனக் கட்டுரையிலும் இதே நிலைமைதான்: ஐந்து வார இடைவெளியில்கூடப் பாதிப் பேர் வரைக்கும் வேறு வகைக்குப் போய்விடுகிறார்கள். எழுத்துக்குப் பதிலாக நான்கு அளவுகோலிலும் எத்தனை மதிப்பெண் என்று கேட்டு வாங்கினால் பாதிக் குழப்பம் தீரும்.

இனி ஆர்வ மதிப்பெண். மேனுவலில் ஒவ்வொரு வகைக்கும் திட்டவிலக்கமும் (மதிப்பெண்கள் ஆளுக்கு ஆள் எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) நம்பகத்தன்மைக் கெழுவும் (மதிப்பெண் எவ்வளவு நிலையானது என்பதை 0 முதல் 1 வரை சொல்லும் எண்) இருக்க வேண்டும். உதாரணத்துக்குத் திட்டவிலக்கம் 8, கெழு 0.85 என்று வையுங்கள். 1-இலிருந்து 0.85 போனால் 0.15, அதன் வர்க்கமூலம் 0.39, அதை 8-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 3.1. இதுதான் ஒரு மதிப்பெண்ணின் திட்டப்பிழை. இரண்டு மதிப்பெண்களை ஒப்பிடும்போது இரண்டின் பிழையும் சேர்ந்துகொள்ளும்: 3.1 × 1.41 (2-இன் வர்க்கமூலம்) = 4.4. ஆக, அதில் இரண்டு மடங்கு, அதாவது 8 அல்லது 9 மதிப்பெண்ணாவது விலகி நின்றால்தான் ‘இது அதைவிட அதிகம்’ என்று துணிந்து சொல்லலாம்.

இப்போது உங்கள் எண்களுக்குத் திரும்புங்கள். 31, 29, 28 மூன்றும் ஒன்றுதான். 17, 14, 12 மூன்றும் ஒன்றுதான். நடுவில் 11 மதிப்பெண் பள்ளம். இரண்டாம் தடவையும் 30, 30, 27 ஒரு பக்கம், 16, 15, 13 மறுபக்கம். பள்ளம் அதே இடத்தில், அதே 11. இந்த டெஸ்ட் தடுமாறவே இல்லை. மேலே மூன்று, கீழே மூன்று என்ற ஒரே சேதியை இரண்டு தடவையும் சொல்லியிருக்கிறது. மூன்றெழுத்துக் குறியீட்டை வரிசையாகப் படித்ததுதான் குழப்பத்துக்குக் காரணம்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை: வகைவாரியாக ஆல்ஃபா (ஒரு வகையின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண்), மறுதேர்வுக் கெழு (இரண்டு தடவை எடுத்த மதிப்பெண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண்), அது எத்தனை நாள் இடைவெளியில் எடுத்தது, எத்தனை பேர், என்ன வயது, திட்டப்பிழை. ஆல்ஃபாவை மட்டும் காட்டி ஒப்பேற்றினால் விடாதீர்கள். ஒரே கேள்வியை ஆறு விதமாக மாற்றிக் கேட்டாலே ஆல்ஃபா 0.95-க்கு ஏறிவிடும்; அது அகலமில்லாத அளவுகோல், அவ்வளவுதான். மாறாக, 5 கேள்வியில் 0.60 வந்தது என்றால் அது அவமானமும் இல்லை. அதே தரத்தில் இன்னும் 5 கேள்வி சேர்த்தால் 0.75 ஆகும்.


கூர்முனை:

மேலே சொன்னது நம்பகத்தன்மை. ஏற்புடைமை, அதாவது அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறதா என்பது, வேறு சமாச்சாரம். தினமும் ஒரே எடையைக் காட்டும் தராசு, தினமும் ஒரே அளவுக்குத் தப்பாகவும் காட்டலாம்.

ஹாலண்டு தன் கொள்கையை முன்வைத்தது 1959-இல். ஆறு வகைகளையும் அறுகோணமாக அடுக்கினார்: பக்கத்துப் பக்கத்து மூலைகள் நெருக்கம், எதிரெதிர் மூலைகள் தூரம். கைவேலைக்கு எதிரே சமூகம், ஆய்வுக்கு எதிரே தொழில்முனைவு, கலைக்கு எதிரே அலுவல் ஒழுங்கு. ரிப்போர்ட் கையில் வந்ததும் எண்களுக்கு முன்னால் இதைத்தான் பார்ப்பேன். உங்கள் மாணவியின் ஆய்வு, கலை, சமூகம் மூன்றும் அடுத்தடுத்த மூலைகள். கீழே கிடக்கும் மூன்றும் எதிர்ப்பக்கம். விவரம் ஒன்றோடொன்று ஒட்டுகிறது. எதிரெதிர் மூலைகள் இரண்டும் 32 என்று வந்தால் தப்பு என்று அர்த்தமில்லை. ஆனால் கவனமில்லாமல் குறித்திருக்கவும் வாய்ப்பு உண்டு, உட்கார்ந்து பேச வேண்டும்.

ஆறும் ஒரே மட்டமாக வந்தால்? ஆறும் 30-க்கு மேல் என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டும் பழக்கம் அல்லது நிஜமாகவே பரந்த ஆர்வம். ஆறும் 10-க்குக் கீழே என்றால் சோர்வு, வேலைகளைப் பற்றிய அறிமுகமே இல்லாமை, அல்லது ‘ஏன் என்னை உட்கார வைத்தீர்கள்’ என்ற கடுப்பு. இரண்டுக்குமே மூன்றெழுத்துக் குறியீடு போட்டுக் கொடுக்கும் மென்பொருள், அர்த்தமில்லாத ஒன்றை அச்சடித்துக் கொடுக்கிறது.

இன்னொரு கண்ணி, மூலமதிப்பெண்ணா சதமானமா (100 பேரில் எத்தனை பேரைவிட மேலே என்ற கணக்கு), சதமானம் என்றால் யாரோடு ஒப்பிட்டது என்பது. சுவும் ரவுண்ட்ஸும் ஆம்ஸ்ட்ராங்கும் 2009-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துச் செய்த பெரிய தொகுப்பாய்வில், ‘பொருள்களோடு வேலை, மனிதர்களோடு வேலை’ என்ற அச்சில் ஆண் பெண் இடைவெளி 0.93 திட்டவிலக்கம் வந்தது. உளவியலில் இவ்வளவு பெரிய இடைவெளி அபூர்வம். அதனால் ஒரு பெண் கைவேலையில் 16 வாங்கினால், எல்லோரோடும் ஒப்பிட்டால் தாழ்வு, பெண்களோடு மட்டும் ஒப்பிட்டால் நடுத்தரத்துக்கு மேலே என்று வரக்கூடும். முதலாவதை மட்டும் காட்டினால், இயந்திரத் துறையை யோசிக்க வாய்ப்பிருந்த ஒரு பெண்ணின் பட்டியலிலிருந்து அது சத்தமில்லாமல் காணாமல் போகும். எந்த ஒப்பீடு என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆர்வம் வேறு, திறமை வேறு என்பதை எத்தனை தடவை சொன்னாலும் 120 பேரில் பாதிப் பேர் ‘ஆய்வு 31’ என்பதை ‘அறிவியலில் 31 மார்க்’ என்றுதான் படிப்பார்கள். வயதையும் மறக்காதீர்கள். ஆர்வங்களின் நிலைத்தன்மை பள்ளிப் பருவம் முழுக்க ஒரே மாதிரி இருந்து, 18-க்கும் 22-க்கும் இடையில்தான் சட்டென்று உயர்கிறது என்பது லோவும் சகாக்களும் 2005-இல் வெளியிட்ட தொகுப்பின் முடிவு. உங்கள் ஆட்கள் அந்த வாசலில் நிற்பவர்கள். இன்றைய மதிப்பெண்ணுக்கு ஓராண்டு ஆயுள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்கும் விதமும் முடிவை மாற்றும். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓ-நெட் ஆர்வ டெஸ்ட்டில் (இலவசம், நீங்கள் சொன்ன அதே 60 கேள்வி அமைப்பு) தொடக்கத்திலேயே ஒரு வரி இருக்கும்: இதற்குப் படிப்பு இருக்கிறதா, எவ்வளவு சம்பளம் வரும் என்றெல்லாம் யோசிக்காதே, அந்த வேலையைச் செய்யப் பிடிக்குமா என்று மட்டும் பார். இந்த வரியை வாய்விட்டு வாசித்துக் காட்டாவிட்டால், ‘புது மருந்து கண்டுபிடிப்பது’ என்ற வரிக்கு 4-ம், ‘செங்கல் அல்லது ஓடு பதிப்பது’ என்ற வரிக்கு 0-ம் விழும். அங்கே அளந்தது அந்தஸ்தை.


மொழிச்சல்லடை:

டெஸ்ட் தமிழிலா ஆங்கிலத்திலா என்று கேட்பவர் சொல்லவில்லை. தமிழாக்கம் என்றால் மேனுவலில் இருக்கும் கெழுக்கள் எதுவும் உங்களுக்குச் செல்லாது. அவை ஆங்கில மூலத்துக்கு எடுத்தவை.

ஆளுமைக்குப் பொதுவுடைமையாகக் கிடைக்கும் ஐ.பி.ஐ.பி. கேள்வித் தொகுப்பிலிருந்து மூன்று வரிகள் மட்டும் பார்ப்போம். கூட்டத்தைக் கலகலப்பாக்குகிறவர் என்ற பொருளில் ஒரு வரி வரும். சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘நான் விருந்தின் உயிர்’ என்று போட்டால், படிப்பவர் திருதிருவென்று விழித்துவிட்டு நடுக்கட்டத்தைக் குறிப்பார். ‘நான் இருக்கும் இடம் கலகலப்பாக இருக்கும்’ போதும்.

அடுத்தது ஆபத்தானது. ‘ஃபீல் லிட்டில் கன்சர்ன் ஃபார் அதர்ஸ்.’ அந்த ‘லிட்டில்’-க்கு முன்னால் ‘எ’ இல்லை. கவனிக்காமல் ‘மற்றவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் அக்கறை உண்டு’ என்று எழுதினால் பொருள் தலைகீழ். இது தலைகீழாக மதிப்பெண் போட வேண்டிய வரி வேறு. ஆகவே இரக்கமுள்ள பிள்ளை ‘மிகவும் பொருந்தும்’ என்று குறித்து, இணக்கம் என்ற அளவுகோலில் மதிப்பெண்ணை இழக்கும். சரியான வரி: ‘மற்றவர்கள்மேல் எனக்கு அவ்வளவாக அக்கறை கிடையாது.’

மூன்றாவது, எல்லோர் கவனமும் தன்மேல் இருப்பதைப் பற்றியது. ‘பொருட்படுத்துவதில்லை’ என்று முடித்தால், கூச்சமில்லை என்று ஒருவர் படிப்பார், கண்டுகொள்வதே இல்லை என்று இன்னொருவர் படிப்பார். போதாக்குறைக்கு ‘இல்லை’ என்று முடியும் வாக்கியத்துக்கு ‘ஆம்’ என்றால் என்ன அர்த்தம் என்பதே தமிழில் தகராறு. ‘எல்லோரும் என்னையே பார்த்தாலும் எனக்குக் கூச்சம் வராது’ என்று எழுதி, விடைக்கட்டங்களில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதற்குப் பதில் ‘எனக்குப் பொருந்தும்’ என்று வையுங்கள்.

சரிபார்க்கப் பெரிய ஆய்வு வேண்டாம். ஐந்தாறு பேரை உட்கார வைத்து, ஒவ்வொரு வரியையும் அவர்கள் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தடுக்கும் இடங்களில் முக்கால்வாசி அங்கேயே தெரிந்துவிடும். பிறகு 30 பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியும் அது சேர்ந்த அளவுகோலின் மீதிக் கேள்விகளோடு எந்தத் திசையில் போகிறது என்று ஒட்டுறவு பாருங்கள். எதிர்மறையாக வந்தால் மொழிபெயர்ப்பு கவிழ்ந்திருக்கிறது, அல்லது தலைகீழ் மதிப்பெண் போட மறந்திருக்கிறீர்கள். இரண்டாவதுதான் அடிக்கடி நடப்பது.

நடத்தும்போது: 60 கேள்வியை 2 நிமிடத்துக்குள் முடித்த தாள் எதையும் கணக்கில் எடுக்காதீர்கள்; படிக்கவே நேரம் போதாது. ஆர்வ டெஸ்ட்டில் தலைகீழ்க் கேள்விகள் கிடையாது, ஆகவே ஒரே கட்டத்தில் கோடு இழுத்தவர்கள் தானாகப் பிடிபட மாட்டார்கள். 35-ஆவது கேள்வி பக்கத்தில் ‘இந்த வரிக்கு இரண்டாவது கட்டத்தைக் குறிக்கவும்’ என்று ஒன்றைச் செருகுங்கள். அப்பா அம்மா தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கும் அறையில் எந்த டெஸ்ட்டும் வேண்டாம். தேர்வு முடிவு வரும் வாரமும் வேண்டாம்.


வழித்துணை:

மிக்க நன்றி. விற்பவர் அனுப்பிய குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: ‘ஆல்ஃபா 0.91. 50,000 பேரிடம் சோதிக்கப்பட்டது. பயனாளர்களில் 95 சதவீதம் பேர் ரிப்போர்ட் துல்லியம் என்கிறார்கள்.’ இதோடு ‘நான்கு சொற்களில் உனக்கு மிகவும் பொருந்துவது எது, பொருந்தாதது எது’ என்ற இன்னொரு டெஸ்ட்டும், கைரேகை எடுத்துச் சொல்லும் ஒரு பொதியும் சேர்த்துத் தருகிறாராம். 40 பக்க ரிப்போர்ட்.


அளவைக்காரன்:

ஆல்ஃபா 0.91 எதற்கு? மொத்த டெஸ்ட்டுக்கும் ஒரே எண் என்றால் அதற்குப் பொருளே இல்லை. நான்கு வேறு வேறு விஷயங்களை அளப்பதாகச் சொல்லிவிட்டு நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி எடுத்த கெழு அது. 50,000 பேர் யார்? இணையத்தில் தானாக வந்து செய்த, வேலையில் இருக்கும் பெரியவர்கள் என்றால் 17 வயதுக்காரரின் சதமானத்தை அவர்களை வைத்துப் போட முடியாது. 17, 18 வயதில் 300 பேரிடம் ஒழுங்காக எடுத்த நார்ம்ஸ் (ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மதிப்பெண் அட்டவணை) அந்த ஐம்பதாயிரத்தைவிட உங்களுக்கு உபயோகம்.

95 சதவீதம் பற்றி. உளவியலாளர் ஃபோரர், 1949-இல் வெளியிட்ட ஆய்வில், தன் மாணவர்கள் 39 பேருக்கு ‘உங்கள் ஆளுமை அறிக்கை’ என்று கொடுத்தார். துல்லியத்துக்கு அவர்கள் போட்ட சராசரி மதிப்பெண் 5-க்கு ஏறக்குறைய 4.3. கொடுத்தது எல்லோருக்கும் ஒரே தாள். ‘வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே சில சமயம் தயங்குகிறீர்கள்’ ரக வாக்கியம் யாருக்குத்தான் பொருந்தாது?

ரிப்போர்ட்டை நீங்களே சோதிக்க ஒரு வழி: 20 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் பெயர் நீக்கிய இரண்டு ரிப்போர்ட், ஒன்று அவருடையது, மற்றது குலுக்கலில் எடுத்த இன்னொருவருடையது. எது உன்னுடையது என்று கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 10 பேர் சரியாகச் சொல்வார்கள். 15 அல்லது அதற்கு மேல் வந்தால் ரிப்போர்ட்டில் ஏதோ விஷயம் இருக்கிறது. தற்செயலாக அவ்வளவு வர 100-க்கு 2 வாய்ப்புதான். 12, 13 என்றால் அந்த 40 பக்கத்துக்குச் செலவழிக்காதீர்கள்.


கூர்முனை:

‘மிகவும் பொருந்துவது, பொருந்தாதது’ என்பது ஆளை நான்கு குணங்களில் அளக்கும் டி.ஐ.எஸ்.சி. டெஸ்ட் பாணி. உளவியலாளர் மார்ஸ்டன் 1928-இல் எழுதியதிலிருந்து கிளைத்தது. பல பதிப்புகளில் எல்லோருக்கும் மொத்த மதிப்பெண் ஒன்றே: ஒரு குடம் தண்ணீரை நான்கு செம்பில் பகிர்வது போல. ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கியே ஆக வேண்டும். ஓர் ஆளுக்குள் எது தூக்கல் என்று பார்க்கலாம். ஆனால் ‘அவளைவிட இவள் இதில் அதிகம்’ என்று இரண்டு பேரை ஒப்பிட அந்த எண் உதவாது. வரிசைப்படுத்திப் பட்டியல் போடுகிறேன் என்பவரை அங்கேயே நிறுத்துங்கள்.

கைரேகை என்பது ஒரு டெஸ்ட்டே இல்லை. விரல் ரேகை தாயின் வயிற்றிலேயே அமைந்து முடிந்துவிடுகிறது. அதை வைத்து ஆர்வத்தையோ அறிவையோ கணிக்கலாம் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அந்த வரியை அடித்துவிடுங்கள்.


மரப்பாச்சி:

நாலெழுத்தை இவ்வளவு சாத்தத் தேவையில்லை என்று நினைக்கிறேன். பேசவே பேசாத பிள்ளையைப் பேச வைக்க ‘உனக்கு ஐ (உள்முகம்) வந்திருக்கு, ஒத்துக்கிறியா?’ என்பதைப் போல ஒரு தூண்டில் எளிதில் கிடைக்காது. அந்த அளவோடு நிறுத்தினால் என்ன கெடுதல்?


அளவைக்காரன்:

அந்த அளவோடு யாரும் நிறுத்துவதில்லை என்பதுதான் கெடுதல். ‘ஐ’ வந்தவருக்கு விற்பனை ஒத்துவராது என்ற பட்டியல் அதே ரிப்போர்ட்டின் பின்பக்கத்திலேயே இருக்கும். எம்.பி.டி.ஐ. வெளியிடுபவர்களே ஆள் தேர்வுக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள் என்கிறார்கள். தூண்டில்தான் வேண்டுமென்றால், ஆளை ரகம் பிரிக்காமல் ஐந்து குணங்களில் மதிப்பெண் தரும் ஐந்து காரணி டெஸ்ட்டைக் கொடுங்கள். இணையத்தில் பிரபலமான இலவச 16 வகை டெஸ்ட்கூட உள்ளுக்குள் ஐந்து காரணி அளவுகோலைத்தான் வைத்துக்கொண்டு, மேலே எழுத்து ஒட்டுகிறது.

அதிலும் எல்லை தெரிந்து பேசுங்கள். வேலையில் செயல்திறனோடு பரவலாகத் தொடர்பு காட்டியது பொறுப்புணர்வு என்ற காரணி. பாரிக், மௌண்ட் 1991 தொகுப்பிலிருந்து இது தெரிந்ததுதான். ஆனால் கெழு ஏறக்குறைய 0.2. வர்க்கப்படுத்தினால் 0.04: ஆளுக்கு ஆள் செயல்திறனில் உள்ள வேறுபாட்டில் 4 சதவீதம்தான் இதனால் விளங்கும். ஆயிரம் பேரைப் பற்றிப் பேச இது போதும். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் ‘உனக்கு இது வராது’ என்று சொல்லப் போதாது.


மொழிச்சல்லடை:

2 மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். ஆர்வ டெஸ்ட் 15 நிமிடம். இரண்டு வாரம் கழித்து அதே டெஸ்ட் இன்னொரு 15 நிமிடம். இரண்டின் சராசரியை எடுத்தால் 0.85 என்ற நம்பகத்தன்மை 0.92-க்குப் போகும். இரட்டைச் செலவு, ஆனால் எந்த ஆடம்பர ரிப்போர்ட்டும் தராத லாபம். மீதி ஒன்றரை மணியும் பேச்சுக்கு.

பேச்சில், மேலே வந்த வகைகளுக்குப் பொருந்தும் 12 வேலைகளை எழுதிக் கொடுங்கள். தேவைப்படும் பயிற்சி அளவில் கலந்து இருக்கட்டும்; ஓ-நெட்டில் 1 முதல் 5 வரை படிகளாகவே பிரித்திருக்கிறார்கள். வேண்டாதவற்றை மாணவரே அடிக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் எழுதட்டும். ‘ரத்தம் பார்க்க முடியாது’, ‘வீட்டை விட்டு வெகுதூரம் போக முடியாது’, ‘அது ஆம்பளைங்க வேலை’ என்று வரும் காரணங்களை எந்த டெஸ்ட்டும் எடுத்துத் தராது. மூன்றாவது காரணம் வந்தால் அந்த வேலையை மறுபடி பட்டியலில் சேர்த்துப் பேசுங்கள். பள்ளி மதிப்பெண் பட்டியல், கையில் உள்ள பணம், படிக்க ஆகும் ஆண்டுகள் மூன்றும் இதற்குப் பிறகு மேசைக்கு வரட்டும். முதலிலேயே வந்தால் அடிப்பதற்கு எதுவும் மிஞ்சாது.


வழித்துணை:

நாலெழுத்தையும் ரேகையையும் விட்டுவிடுகிறோம். கடைசியாக ஒன்று: மாணவர் கையில் எண்களைக் கொடுக்கலாமா, வேண்டாமா?


கூர்முனை:

கொடுங்கள், பட்டையாக. 31 என்று புள்ளி வைக்காமல், திட்டப்பிழை 3-ஐ இருபக்கமும் விட்டு, 28-இலிருந்து 34 வரை ஒரு கட்டை; 29-க்கு 26-இலிருந்து 32; 28-க்கு 25-இலிருந்து 31. மூன்று கட்டைகளும் ஒன்றின்மேல் ஒன்று படிவது கண்ணுக்கே தெரியும், விளக்கம் தேவைப்படாது. மூன்றெழுத்துக் குறியீட்டைத் தாளில் அச்சிடாதீர்கள். தாளின் மேலே டெஸ்ட் எடுத்த தேதியைப் பெரிதாகப் போடுங்கள்.